நாலாம் இனத்தின் உடற்கூறு

நோர்வேயிலிருந்து கேட்கிறார்கள்:
தண்ணீருக்குள் வாழும் நாலாம் இனத்துக்கு
உடற்கூறும் பரிணாம வரலாறும் வேண்டும்,
அறுநூறு சொல்,
சொல்லுக்கு மூன்று சதம், டொலரில்.

மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
ஆணியும் பெயின்ட்டும் விற்கும் கடையின் மாடி.
ஸ்டனிஸ்லாஸ் வரைவான், நான் எழுதுவேன்.
ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து
கீபோர்டில் உட்காரும்.
பனிக்கும் கீழே மவுசாகலை நீர்த்தேக்கம்.

முதல் படத்தில் கழுத்தோரம் மூன்று கீறல்,
அட்டிகை மாதிரி.
செவுள் என்றான்.
இவ்வளவு உடம்புக்கு இது மூக்குத்தி ஓட்டை என்றேன்.
குளிர்ந்த தண்ணீர் காற்றை இறுக்கிப் பிடிக்கும், சரி.
ஆனால் மழை பெய்தால் மலையில் போட்ட உரமெல்லாம்
இங்கேதான் இறங்கும்;
பாசி பூக்கும், அழுகும், மூச்சைத் தின்னும்.
விலா வரைக்கும் கிழி.
கிழித்தான்.
மார்பை அழி,
முட்டையிட்டுப் போகிறவர்களுக்கு எதற்குப் பால்?
நோர்வேக்காரன் ஒப்பமாட்டான் என்று
பாதி மட்டும் அழித்தான்.

கலங்கல் நீரில் பெரிய கண் வீண் செலவு.
சுருக்கினோம். பதிலுக்கு
பக்கவாட்டில் ஒரு கோடு, மீனுக்கு இருப்பதுபோல,
தொலைவில் ஒருவர் புரண்டு படுப்பதையும்
தோலால் கேட்பதற்கு.
லயத்தில் வளர்ந்தவளுக்கு
இதை எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை.

விரல்களுக்கிடையே சவ்வு விரித்தவன்
பெருவிரலையும் சுட்டுவிரலையும் மட்டும்
தனியே விட்டிருந்தான்.
நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

சண்டை வந்தது தலையில்.
உச்சிக்குக் குறுக்கே ஒரு பள்ளம் போட்டிருந்தான்,
கூடைக் கயிறு அழுத்துகிற இடத்தில்.
டேய், பட்ட தழும்பு பிள்ளைக்குப் போகாது.
ஏழு தலைமுறை சுமந்தாலும்
எட்டாவது, வழுவழு மண்டையோடுதான் பிறக்கும்.
பேராதனையில் நாலு வருஷம் இதைத்தான் படித்தேன்.
"கேம்ல போகும்" என்றான்.

போகும்தான். கேமில் பரிணாமம் மூன்று நொடி:
உடம்பு ஒளிரும், மணி அடிக்கும்,
வால் முளைக்கும், லெவல் ஏறும்.
செவுள் சரியாக வாய்க்காத
தொண்ணூற்றொன்பது பிள்ளைகளை
யாரும் எங்கும் புதைப்பதில்லை.
அறுநூறில் பதினொரு சொல்
அவர்களுக்கென்று எழுதினேன்.
திருத்தத்தில் அதைத்தான் முதலில் வெட்டினார்கள்.

பிறகு ஒரு படிவம்:
ஏரிக்கே உரிய இனமா, வந்தேறிய இனமா?
ஒன்றைத் தெரிவு செய்க.
ஏரியே வந்ததுதான், அணை கட்டிய பிறகு.
நுவரெலியா ஓடைகளின் ட்ரவுட் மீன்
கப்பலில் முட்டையாக வந்தது;
நூறு வருஷம் தாண்டியும்
புத்தகத்தில் அது அறிமுக இனம்.
தேயிலையை மட்டும்
யாரும் அப்படிக் கேட்பதில்லை.
இரண்டு பெட்டிக்கும் நடுவில்
கர்சர் வெகுநேரம் துடித்தது.

கடைசிப் பத்தியில் வறட்சி வைத்தேன்.
பங்குனியில் நீர் இறங்க
முழுகிய கோயிலின் சுவர் வெளியே வரும்,
சனம் வெடித்த சேற்றில் நடந்துபோய்
செல்ஃபி எடுக்கும்.
அப்போது நாலாம் இனம்
அந்தச் சேற்றுக்கு அடியில்,
தன் சளியையே தனக்கு உறையாய்ப் போர்த்தி,
நிமிஷத்துக்கு ஒரு துடிப்பு,
மேலே போகும் செருப்புகளை எண்ணியபடி.

தேவையில்லை, பதில் வந்தது.
எங்கள் கேமில் நீர் இறங்காது.
மற்றபடி மிக நன்று. தலைப் பள்ளம் அருமை,
கிரீடம் பொருத்த வசதி.
இரண்டு விரலில் சவ்வு விடுபட்டிருக்கிறது,
சரிசெய்து அனுப்பவும்.

ஸ்டனிஸ்லாஸ் கோப்பைத் திறந்தான்.
சவ்வைப் பெருவிரல் வரை இழுத்தான்,
விட்டான், மறுபடி இழுத்தான்.
கீழே கடைசி ஹட்டன் பஸ்
ஹோர்ன் அடித்தது.
"நாளைக்கிப் பார்ப்போம்" என்று
லைட்டை அணைத்தான்.
திரை மட்டும் கொஞ்ச நேரம் ஒளிர்ந்தது,
அதில் ஒரு கை,
இரண்டு விரல் நுனி ஒன்றையொன்று தொட்டபடி.